திருக்கோணமலைக் கடலின் கூம்புச் சங்குகள்

சங்கு என்றதும் தமிழர் உள்ளத்தில் முதலில் எழுவன ஆலயத்து ஒலியும், திருமாலின் திருக்கரமும், மகவுக்குப் பாலூட்டும் சிறு சங்குமே. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கடலிலும் குளித்தெடுத்த சங்குகள் பன்னெடுங்காலமாக வங்காளத்துக்கு ஏற்றுமதியாகி, அந்நாட்டு மகளிரின் கைவளைகளாக அறுக்கப்பட்டு வந்த வரலாற்றையும் நம்மிற் பலர் அறிவர். இச்சங்கைப் பற்றி ஜேம்ஸ் ஹோர்னெல் என்னும் ஆங்கிலேயர் 1914ஆம் ஆண்டிலே சென்னை மீன்துறை வெளியீடாகத் தனி நூலொன்றே இயற்றினார். ஆயினும் இதே சங்கினத்துக்குத் தூரத்து உறவான மற்றொரு பிராணி, நம் திருக்கோணமலைக் கடலிலேயே, நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளிக் கரையோரங்களிலும் புறாமலையைச் சூழ்ந்த முருகைக்கற் பாறைகளிலும் வாழ்ந்து வருவதை அறிந்தோர் சிலரே. அதன் ஓட்டைக் கண்டோர் பலர். கடற்கரையிற் பொறுக்கியெடுத்து வீட்டு அலுமாரியில் வைத்திருப்போரும் உளர். அந்த ஓட்டினுள் உயிரோடிருந்த பிராணி எத்தகையது என எண்ணிப் பார்த்தவர்களைத் தேடித்தான் காணவேண்டும்.

அதன் வடிவு கூம்பு. ஒரு முனை அகன்று தட்டையாகவோ சிறிது உயர்ந்தோ இருக்கும். மறுமுனை ஒடுங்கிச் செல்லும். ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக நீண்ட பிளவு போன்ற வாய் திறந்திருக்கும். இவ்வடிவு கருதியே 1758ஆம் ஆண்டில் லினேயஸ் இச்சாதிக்குக் கோனஸ் என்று இலத்தீனிற் பெயரிட்டார். நாம் இக்கட்டுரையிற் கூம்புச் சங்கு என வழங்குவோம். உலகின் வெப்பக் கடல்களில் இன்று 800க்கு மேற்பட்ட கூம்புச் சங்கினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றுக்கு நம் நாட்டின் பெயரே வாய்த்துள்ளது. 1791இல் கிமெலின் என்னும் ஜேர்மானியர் அதற்குக் கோனஸ் செய்லானிக்கஸ் எனப் பெயர் சூட்டினார். தென்னிந்தியக் கரையிலும் இலங்கைக் கடலிலும் காணப்படும் கோனஸ் அரனியோசஸ் என்பது சிலந்தி வலை போன்ற நுண்ணிய கோட்டுக் கோலமுடையது. எபிரேய எழுத்துக்களை அடுக்கி வைத்தாற்போலக் கரும்புள்ளிகள் கொண்ட சிறிய இனம் கோனஸ் எப்ரேயஸ் எனப்படும். கருநிலத்தில் வெண்முக்கோணங்கள் பதித்தாற்போல விளங்குவது கோனஸ் மார்மோரியஸ். சலவைக்கல்லின் பெயரால் வந்தது அது.

இவ்வழகே இவ்வோடுகளை ஐரோப்பியச் செல்வர் மாளிகைகளுக்குக் கொண்டு சென்றது. அரிய கூம்புச் சங்கொன்று 1796ஆம் ஆண்டில் ஏலத்தில் விற்கப்பட்டபோது, இன்று விலை மதிப்பரியதாகக் கருதப்படும் ஓவியர் வெர்மீரின் படமொன்று அக்காலத்திற் பெற்ற விலையைப் போலப் பன்மடங்கு அதற்குக் கிடைத்தது. ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் கோனஸ் மார்மோரியஸ் ஓட்டைச் செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிட்டார். தகட்டிற் செதுக்கியது தாளில் இடம் வலமாக மாறி விழும் என்பதறிந்து தம் கையெழுத்தைத் தலைகீழாகச் செதுக்கிய அவர், சங்கைக் கண்டபடியே செதுக்கிவிட்டார். ஆகவே அச்சில் அச்சங்கு எதிர்ப்புறமாகச் சுருண்டு காணப்படுகிறது. நம் வழக்கிற் கூறின், ரெம்பிராண்டின் கூம்புச் சங்கு ஒரு வலம்புரி! கடலில் இலட்சத்தில் ஒன்றாகத் தேடப்படும் பேறு, செதுக்கியவரின் மறதியால் தாளில் எளிதிற் கிடைத்தது.

இனி ஓட்டை விடுத்து உயிரைக் காண்போம். மெல்லுடலிகளுள் வயிற்றாலே ஊர்ந்து செல்லும் வகுப்பைச் சேர்ந்தது கூம்புச் சங்கு. வீட்டுத் தோட்டத்து நத்தையும் இவ்வகுப்பினதே. நத்தை இலையை அரித்துண்பது. ஆயின் கூம்புச் சங்கு ஊனுண்ணி. ஊனுண்ணுதல் சங்கினத்தில் வியப்பன்று. ஆலயத்திற் பூசை பெறும் சங்குங்கூடக் கடலடி மணலிற் புழுக்களைத் தின்று வாழ்வதே. கூம்புச் சங்கின் தனித்தன்மை அது நஞ்சினால் வேட்டையாடுவது. பகலிற் பெரும்பாலும் மணலினுட் புதைந்தோ கல்லின் அடியிற் பதுங்கியோ கிடக்கும். இருள் சூழ்ந்த பின் நீர்க்குழல் ஒன்றை முன்னே நீட்டிக்கொண்டு வெளிவரும். அக்குழல் நீரை உள்ளிழுத்துச் செவுளுக்கு அளிப்பதோடு, இரையின் மணத்தை அறியும் உறுப்புக்கும் அதனைக் கொண்டு செல்கிறது. கண்ணுண்டு, ஆயினும் கூர்மையில்லை. வேட்டைக்கு வழிகாட்டுவது மணமே.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. நத்தையின் நடையை மெதுவுக்கு உவமை கூறுகிறோம். அந்நடையுடைய ஒரு பிராணி, கண்ணிமைக்கும் நேரத்தில் மறையும் மீனை எவ்வாறு பிடிக்கும்? புலி பாய்ந்து பிடிக்கும். பருந்து வீழ்ந்து பற்றும். பாம்புகூடக் கடித்துவிட்டு இரை சிறிது தூரம் ஓடி விழுந்தாலும் தொடர்ந்து செல்லும். கூம்புச் சங்குக்கு இவற்றுள் எதுவும் இயலாது. குத்துண்ட மீன் பத்து அடி நீந்தி அகன்றுவிட்டாற் போதும், வேறொருவருக்கு உணவாகிவிடும். ஆகவே அதன் நஞ்சு இரையைக் கொன்றாற் போதாது. தொட்ட இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். நாம் மேலே கூறப்போகும் யாவும், நஞ்சின் கொடுமையும் அதன் மருத்துவப் பயனும் உட்பட, இவ்வொரு தேவையிலிருந்தே பிறந்தன எனக் கொண்டு படித்தல் நலம்.

நத்தையினத்துக்கு வாயினுள் அரம் போன்ற நாப்பட்டை உண்டு; அதில் எண்ணற்ற நுண்பற்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். கூம்புச் சங்கிலோ இப்பட்டை மறைந்து, பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நீண்டு, உள்ளே துளையுள்ள ஊசிகளாக உருமாறியுள்ளன. நுனியில் எறியீட்டியின் முனை போல எதிர்முட்கள் உண்டு. இத்தகைய பற்கள் ஒரு பையில், அம்பறாத் தூணியில் அம்புகள் போல, அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வேட்டையின்போது ஒரு பல் அப்பையிலிருந்து துதிக்கையின் நுனிக்கு வந்து பொருந்தும். ஓட்டின் நீளத்தைப் போலப் பன்மடங்கு நீண்டு சுருண்டு கிடக்கும் குழாயே நஞ்சை ஆக்குகிறது. அதன் முடிவிலுள்ள தசைக்குமிழ் சுருங்கியதும் நஞ்சு பல்லின் துளைவழியே பீறிட்டுச் செல்லும். துதிக்கை இரையின் உடலைத் தொட்ட கணத்தில், மனிதக் கண்ணால் தொடரவியலாத விரைவிற் பல் பாய்ந்துவிடும். ஒருமுறை எய்த பல் மறுமுறை பயன்படாது. அடுத்த வேட்டைக்குத் தூணியிலிருந்து வேறொன்று வரும். நடையில் உலகின் மிக மெதுவான வேட்டைக்காரன் எனத்தக்க இப்பிராணி, அடியில் மிக விரைந்தவற்றுள் ஒன்றாக இருப்பது காண்க.

எல்லாக் கூம்புச் சங்குகளும் மீனை உண்பனவல்ல. மிகப் பெரும்பாலானவை கடற்புழுக்களையே உண்கின்றன. சில பிற சங்கு நத்தைகளை, சிலவேளை தம் இனத்தவற்றையே, குத்தித் தின்னும். மேலே கூறிய கோனஸ் மார்மோரியஸும், நெய்த பொன்னாடை போன்ற கோலமுடைய கோனஸ் டெக்ஸ்டைலும் இத்தகையன. மிகச் சிலவே மீன் வேட்டையாடுவன. அவற்றுள் கோனஸ் ஸ்ட்ரையேட்டஸ் தூண்டிற்காரனைப் போன்றது: பல்லை மீனின் உடலிற் பாய்ச்சி, அதன் அடிமுனையைத் துதிக்கையால் இறுகப் பற்றிக்கொள்ளும், சில விநாடிகளில் மீன் விறைத்துவிடும், பின் அப்படியே இழுத்து விழுங்கும். கோனஸ் ஜியோகிராபஸோ வலைகாரன். அதன் வாய் பெரிய புனலைப் போல விரியும். இரவிற் பாறையிடுக்கில் உறங்கும் சிறு மீன்களை அப்புனல் மெல்ல மூடிக்கொள்ளும். உள்ளே அகப்பட்ட பின்னரே ஒவ்வொன்றாகக் குத்தும். தூண்டிலும் வலையும் மனிதன் கண்ட உபாயங்கள் என்று நாம் கருதுகிறோம்.

மீனை நத்தை பிடிக்கும் என்ற செய்தியை ஐயத்துக்கிடமின்றி விளக்கி 1956ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அலன் கோன் என்னும் அமெரிக்க விலங்கியலறிஞர். அவர் ஹவாய்த் தீவுகளிற் செய்த ஆராய்ச்சி 1959இல் விரிவாக வெளிவந்தது. நமக்கு இவர் மேல் தனியான உரிமை உண்டு. அடுத்த ஆண்டிலே, 1960இல், இலண்டன் நகரத்து இயற்கை வரலாற்று ஏடொன்றில் அவர் வெளியிட்ட கட்டுரையின் பொருள் இலங்கையின் திருக்கோணமலைப் பகுதியிற் கூம்புச் சங்குகளின் வாழ்க்கைச் சூழல் என்பதாகும். நம் ஊரின் பெயர் விஞ்ஞான உலகிற் பரவியது துறைமுகத்தாலும் கோணேசர் கோயிலாலும் மட்டுமன்று. இச்சிறு பிராணிகளாலும் பரவியது.

கோன் தொடர்ந்து ஆராய்ந்த வினா மிக எளியது. ஆனால் விடை எளியதன்று. ஒரே பாறையில், ஒரே அளவினவாய், ஒரே வகையான வாழ்க்கை நடத்தும் பல கூம்புச் சங்கினங்கள் எவ்வாறு ஒன்றையொன்று ஒழிக்காமல் ஒருங்கே வாழ்கின்றன? ஒரே தொழிலை ஒரே தெருவிற் பத்துப் பேர் நடத்தினால் எண்மர் கடையை மூடவேண்டி வரும் என்பது நாம் கண்ட உலகியல். இதற்கு விடை காண அவர் கையாண்ட வழி போற்றத்தக்கது. புழுவின் மென்னுடல் சங்கின் வயிற்றிற் செரித்துப் போகும். ஆனால் அதன் தாடைகளும் உடலின் இருமருங்குமுள்ள மயிர்முட்களும் செரியா. அவை ஒவ்வொரு புழுவினத்துக்கும் வெவ்வேறு வடிவின. எனவே சங்கின் குடலிலும் கழிவிலும் எஞ்சியவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, எது எதனைத் தின்றது எனத் துணிந்தார். ஹவாயில் தெரியவந்தது இது: தோற்றத்தால் இரட்டையர் போன்ற கோனஸ் எப்ரேயஸும் கோனஸ் கல்டேயஸும் உண்ணும் புழுக்கள் பெரும்பாலும் வேறு வேறு குடும்பத்தன. போட்டியென்று தூரத்தே தோன்றுவது, அணுகிப் பார்த்தாற் பங்கீடாக உள்ளது. விலையுயர்ந்த கருவி யாதுமின்றி, ஒரு நுணுக்குக்காட்டியும் பொறுமையும் கொண்டு செய்யக்கூடிய ஆராய்ச்சி இது என்பதை நம் விஞ்ஞான மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

மனிதருக்கு இதனால் நேரும் தீங்கைப் பற்றிய பழைய குறிப்பு, நம் ஊரை ஆண்ட ஒல்லாந்தரின் ஏட்டிலிருந்தே கிடைக்கிறது. திருக்கோணமலைக் கோட்டையைக் கைப்பற்றிய அதே கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியராய் அம்போன் தீவில் வாழ்ந்தவர் றம்பியஸ் என்னும் பேரறிஞர். 1670இற் கண்ணொளி இழந்த பின்னும் ஆராய்ச்சியைக் கைவிடாத அவர் எழுதிய கடற்பொருள் நூல், அவர் மறைந்த பின் 1705இல் வெளிவந்தது. பாண்டா தீவிற் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த அடிமைப் பெண்ணொருத்தி, வலையோடு வந்த சிறு சங்கொன்றைக் கையிலெடுத்துக்கொண்டு கரையில் நடந்தாள். கையில் மெல்லிய அரிப்பொன்று தோன்றி, புயத்துக்கு ஏறி, உடலெங்கும் பரவ, உடனே மாண்டாள் என்பது அவர் தரும் செய்தி. கரைவலை இழுக்கும் காட்சி நம் கடற்கரையில் நாள்தோறும் காண்பது. அப்பெண்ணின் பெயரை நூல் கூறவில்லை. ஆயினும் கூம்புச் சங்கின் நஞ்சைப் பற்றிய விஞ்ஞான வரலாறு அவளிடமிருந்தே தொடங்குகிறது.

இதனினும் தெளிவான குறிப்பு 1935ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சார்ந்த ஹேமன் தீவில் நிகழ்ந்த சாவு பற்றியது. இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் கோனஸ் ஜியோகிராபஸ் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, ஓட்டின் மேற்றோலைக் கத்தியாற் சுரண்டிக்கொண்டிருந்தபோது குத்துண்டார். மருத்துவர் ஹியூகோ பிளெக்கர் மறு ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, அவருக்கு நோவு சிறிதும் இல்லை. சிறு மரமரப்பே தோன்றியது. பத்து நிமிடத்தில் உதடுகள் விறைத்தன. இருபது நிமிடத்திற் பார்வை மங்கி ஒன்று இரண்டாகத் தெரிந்தது. அரைமணி நேரத்திற் கால்கள் செயலிழந்தன. ஒரு மணி நேரத்தில் அறிவு நீங்கியது. சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. நோவு இல்லை என்ற அந்தச் சொல்லை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறேன். அதற்குப் பின்னர் வருவோம்.

இன்றுவரை உலகிற் பதிவான இத்தகைய சாவுகள் முப்பதுக்குச் சற்று மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கோனஸ் ஜியோகிராபஸ் ஒன்றே. இந்து சமுத்திரத்தின் வெப்பக் கரைகளெங்கும் பரந்து வாழும் இனம் அது. பாம்புக்கடியாற் சாவோர் தொகையை நோக்க இஃது அணுவளவு. ஆயினும் பாம்பைக் கண்டு ஓடும் சிறுவர், சங்கைக் கண்டு ஓடிவந்து எடுக்கிறார்கள் என்பதே இங்குள்ள இடர். புழுவுண்ணும் சிறிய இனங்களின் குத்து பெரும்பாலும் குளவிக்கொட்டின் அளவில் நின்றுவிடும். ஆனால் எது எவ்வினம் என்று கரையில் நிற்பவர் துணிதல் அரிது. ஓடு மெலிந்து, வாய் அகன்று, கைக்கு இலேசாக இருப்பது மீனுண்ணும் இனமாகலாம் என்பது ஓர் அடையாளம், நம்பத்தக்க காவலன்று. அகன்ற முனையைப் பிடித்துத் தூக்கினால் தீங்கில்லை என்று சிலர் கூறுவதும் பிழை. துதிக்கை ஓட்டின் எப்பகுதிக்கும் வளைந்து எட்டும். சட்டைப் பையில் இட்டாலும் துணியைத் துளைத்துக் குத்தும். உயிருள்ள கூம்புச் சங்கைத் தொடாதிருத்தல் ஒன்றே வழி.

தவறிக் குத்துண்டால் செய்யத்தக்கதையும் கூறிவிடுவோம். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இதுவரை இல்லை. புண்ணைக் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் பயனற்றவை. குத்துண்ட கையையோ காலையோ அகன்ற துணியால் நன்கு அழுத்திச் சுற்றி, அசையாமல் வைத்து, காலந் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சாவு நேர்வது மூச்சுத் தசைகள் ஓய்வதால். எனவே வழியில் மூச்சு நின்றாலும் செயற்கைச் சுவாசம் அளித்துக்கொண்டே செல்லுதல் உயிரைக் காக்கும். நஞ்சின் பிடி தளரும்வரை மூச்சை நடத்திவைத்தால் நோயாளி தேறிவர இடமுண்டு.

இனி, இந்நஞ்சு எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைப் பார்ப்போம். முன்னாளில் மூதூரிலிருந்து திருக்கோணமலைக்கு ஒரு கடிதம் வரவேண்டுமாயின் லோஞ்சு ஏறி வரவேண்டும். மூதூர் இறங்குதுறையில் வாயில் திறக்க வேண்டும். லோஞ்சு குடாவைக் கடக்க வேண்டும். இக்கரைத் துறையில் அதனை ஏற்பார் இருக்க வேண்டும். பின் தெருவழியே வீட்டை அடைய வேண்டும். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையும் இவ்வாறே. நரம்பின் முனையிற் கல்சியம் புகும் நுண்வாயில்கள் திறக்கின்றன. அதனால் அசற்றைல்கோலின் என்னும் பொருள் விடுபட்டு இடைவெளியைக் கடக்கிறது. தசையிலுள்ள ஏற்பிகள் அதனை ஏற்கின்றன. பின் சோடியம் வாயில்கள் திறந்து தசை சுருங்குகிறது. கூம்புச் சங்கின் நஞ்சு ஒரு பொருளன்று. ஒவ்வோர் இனத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு புரதத் துணுக்குகளின் கலவை. அவற்றுள் ஒன்று கல்சிய வாயிலை அடைக்கிறது. மற்றொன்று ஏற்பியை மூடுகிறது. வேறொன்று தசையின் சோடிய வாயிலை அடைக்கிறது. புறப்படும் துறையும், சேரும் துறையும், அப்பாலுள்ள தெருவும் ஒரே வேளையில் அடைபட்டால் கடிதம் எவ்வாறு சேரும்? இன்னுஞ் சில துணுக்குகள் இதற்கு எதிர்மாறாக நரம்பின் சோடிய வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைத்து, மீனின் உடல் முழுவதையும் ஒரே நொடியில் விறைக்கச் செய்கின்றன.

வேட்டையாடும் நஞ்சும் தற்காப்பு நஞ்சும் ஒன்றல்ல என்பது 2014இல் வெளிவந்த ஆராய்ச்சியாற் புலனாயிற்று. கோனஸ் ஜியோகிராபஸ் இரையைக் குத்தும்போது நஞ்சுக்குழாயின் ஒரு பகுதியிலிருந்தும், தன்னைத் தாக்குவோரைக் குத்தும்போது வேறு பகுதியிலிருந்தும் நஞ்சை விடுகிறது. தசையைச் செயலிழக்கச் செய்யும் கொடிய துணுக்குகள் மிகுதியாக உள்ளது பின்னதிலேயே. கத்தியாற் சுரண்டப்பட்ட சங்கு அந்த இளைஞரை இரையாகக் கொள்ளவில்லை, பகையாகவே கொண்டது.

இக்கலவையைப் பகுத்தறிந்த பெருமை பல்டொமேரோ ஒலிவேரா என்னும் பிலிப்பைன் நாட்டு அறிஞரைச் சாரும். அமெரிக்காவில் மரபணு வேதியியலிற் சிறந்த பயிற்சி பெற்றுத் தாய்நாடு திரும்பிய அவருக்கு, கற்ற துறையைத் தொடர வேண்டிய கருவிகள் அங்கே இல்லை. கையில் இல்லாததை எண்ணி வருந்தாமல், தம் நாட்டுக் கடலில் எளிதிற் கிடைக்கும் பொருளான கூம்புச் சங்கை எடுத்துக்கொண்டார். லூர்டெஸ் குரூஸ் என்னும் அம்மையார் அவரோடு உழைத்தார். முதலில் அவர்கள் தேடியது கொல்லும் பொருளை மட்டுமே. பின்னர் அமெரிக்காவின் யூற்றாப் பல்கலைக்கழகத்தில் ஒலிவேராவின் மாணவர் கிரெய்க் கிளார்க், நஞ்சின் கூறுகளைத் தனித்தனியே எலியின் மூளையிற் செலுத்திப் பார்க்கலாம் என்றார். வியப்பு அங்கே தொடங்கியது. ஒரு கூறு எலியை உறங்கவைத்தது, ஒன்று ஓடவைத்தது, ஒன்று நடுங்கவைத்தது. உறங்கவைத்த பொருளே முதிர்ந்த எலியைப் பரபரக்கவும் செய்தது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அந்த ஆய்வுகூடத்திற் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞர் மைக்கல் மக்கின்ரொஷ், கோனஸ் மேகஸ் என்னும் மீனுண்ணும் இனத்தின் நஞ்சிலிருந்து நடுக்கந் தரும் துணுக்கொன்றைப் பிரித்தெடுத்தார்.

அத்துணுக்கு 25 அமினோ அமிலங்கள் கொண்டது. மூன்று கந்தகப் பிணைப்புகள் அதனை முடிச்சுப் போலக் கட்டி வைத்துள்ளன. அது அடைப்பது ஒருவகைக் கல்சிய வாயிலை மட்டுமே. அவ்வகை வாயில் மனிதரின் முள்ளந்தண்டு நாணில், நோவின் செய்தி ஒரு நரம்பிலிருந்து மற்றொரு நரம்புக்குக் கைமாறும் இடத்தில் உள்ளது. இதயத்தின் கல்சிய வாயிலை அது தொடுவதில்லை. வாயில்கள் பல இருக்க, ஒன்றை மாத்திரம் தேர்ந்து அடைக்கும் இத்திறமே இந்நஞ்சை மருந்தாக்கியது. ஒரு விநாடியில் மீனை நிறுத்த வேண்டிய தேவை, நரம்பின் பூட்டுகளுக்குப் பிழைபடாது பொருந்தும் சாவிகளை இப்பிராணியிடத்தே படிப்படியாக உருவாக்கிவிட்டது. மனிதர் ஆய்வுகூடத்தில் ஆக்கிய பொருள்களுட் பல இத்துணைத் துல்லியம் எய்தவில்லை.

இத்துணுக்கைச் செயற்கையாக ஆக்கி, சிக்கொனொரைட் என்னும் பெயருடன் 2004ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு மருந்தாக ஏற்றது. வேறு எதற்கும் அடங்காத கடும் நோவால், குறிப்பாகப் புற்றுநோயின் இறுதி நாட்களில், வருந்துவோருக்கு அது அளிக்கப்படுகிறது. அபினி வகை மருந்துகளைப்போல நாட்செல்ல நாட்செல்ல அளவைக் கூட்ட வேண்டிய நிலை இதில் நேர்வதில்லை. குறையும் உண்டு: ஊசியாகக் கையிற் போட்டால் பயனில்லை, முள்ளந்தண்டு நாணைச் சூழ்ந்த நீரிற் சிறு பொறியின் மூலம் சொட்டுச் சொட்டாகச் செலுத்த வேண்டும். அளவு மிகுந்தால் மனக்குழப்பமும் மயக்கமும் தோன்றும். ஹேமன் தீவு இளைஞருக்கு நோவே தோன்றவில்லை என்ற குறிப்பை இப்போது மீண்டும் படித்தால், நஞ்சின் கலவையில் நோவைத் தணிக்கும் பொருள்கள் உண்டென்ற செய்தி அதன் அருகே வந்து நிற்கிறது.

ஒலிவேராவின் குழுவினர் 2015இல் மற்றொரு செய்தியையும் வெளியிட்டனர். கோனஸ் ஜியோகிராபஸ் தன் வாய்ப்புனலால் மீன்களை மூடும்போது, மீனின் இன்சுலினை ஒத்த ஒரு பொருளையும் நீரிற் கலக்கிறது. மீன்களின் இரத்தத்திற் சர்க்கரை திடீரெனக் குறைந்து, அவை மயங்கி நீந்தாது கிடக்கின்றன. மனித இன்சுலின் 51 அமினோ அமிலங்களாலானது. சங்கின் இன்சுலின் 43 மட்டுமே. மனித இன்சுலின் மூலக்கூறுகள் ஆறாறாகத் திரளும் இயல்பின; அத்திரள் பிரிந்த பின்னரே அவை வேலை செய்யும். திரளுவதற்கு வேண்டிய பகுதி சங்கின் இன்சுலினில் இல்லை. ஆகவே அது உடனே செயற்படும். நீரிழிவு மலிந்த நம் நாட்டிலே இச்செய்தியின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. விரைந்து செயற்படும் இன்சுலின் ஒன்றை ஆக்க இதனை முன்மாதிரியாகக் கொண்டு ஆய்வுகள் நடந்து வருகின்றன.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்திகள் என எண்ண வேண்டா. தமிழ்நாட்டுக் கரையிற் கிடைக்கும் கோனஸ் அமாடிஸ் என்னும் இனத்தின் நஞ்சை, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் பி. பலராமும் கே. எஸ். கிருஷ்ணனும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, சோடிய வாயிலை மூடவிடாது தடுக்கும் துணுக்கொன்றை 2003இல் வெளியிட்டனர். நம் கடலுக்கும் அக்கடலுக்கும் இடையே உள்ளது பாக்கு நீரிணை ஒன்றே.

ஆயினும் இச்செல்வம் நிலைத்து நிற்கும் இடமாகிய முருகைக்கற் பாறை நலிந்து வருகின்றது. 1970ஆம் ஆண்டையொட்டித் திருக்கோணமலைக் கடலில் முட்கிரீட நட்சத்திரமீன் பெருகி முருகைக்கல்லைத் தின்றழித்தது. சுண்ணாம்புக்காக முருகைக்கல் உடைத்தலும், வெடிவைத்து மீன் பிடித்தலும், அலங்காரத்துக்காகச் சங்கு எடுத்தலும், கடல்நீர் வெப்பமேறி முருகைக்கல் வெளுத்தலும் இந்நாட்டுப் பாறைகளைத் தாக்கியவை. புறாமலை 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லையில் எவ்வுயிரையும் எடுத்தல் குற்றம். உலகளாவிய முறையில் 632 கூம்புச் சங்கினங்களின் நிலையை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டோர், அவற்றுள் 67 இனங்கள் அழிவின் வாயிலோ அதன் அண்மையிலோ உள்ளன எனக் கணித்தனர். ஓர் இனத்துக்கு நூறு துணுக்குகள் என்று குறைத்து எண்ணினாலும், மருத்துவர் இன்னும் காணாத எத்தனை சாவிகள் அவற்றோடு போகும் என்பதை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நம் கடலில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு மிகச் சிறியது. அவுஸ்திரேலியாவிற் போலப் பரந்த பாறைகள் வற்றிக் காட்சியளிப்பதில்லை. ஆகையால் இவற்றைக் காண விரும்புவோர், வாடைக்காற்றின் கொந்தளிப்பு அடங்கிக் கடல் தெளிந்திருக்கும் சித்திரை முதல் ஆவணி வரையான மாதங்களில், முழங்காலளவு நீரிற் கண்ணாடி அடியுள்ள பெட்டியொன்றின் வழியே நோக்குதல் வேண்டும். பாதணியின்றி இறங்கலாகாது. கரையில் ஒதுங்கிய வெற்றோட்டை எடுக்கும்போதும் உள்ளே பார்த்து எடுத்தல் நன்று. அதிற் பெரும்பாலும் துறவி நண்டொன்று குடியிருக்கும், அதற்கு வேறு வீடில்லை. கற்களின் அடிப்புறத்திற் சிறு தோற்பைகள் போன்ற பொருள்கள் வரிசையாக ஒட்டியிருக்கக் கண்டால் அவை கூம்புச் சங்கின் முட்டைப் பைகளாக இருக்கலாம். ஒவ்வொரு பையிலும் பல முட்டைகள் உள. நிழலிலும் ஈரத்திலும் வளரவேண்டிய அவை, கல்லைப் புரட்டி வெயிலில் விட்டுச் சென்றால் அன்று மாலைக்குள் உலர்ந்துவிடும். பார்த்து முடித்த கல்லை முன்பு இருந்தபடியே திருப்பி வைப்பதற்கு அரை நிமிடமும் ஆகாது.